காற்று குடிக்கும் குழாய்

மலேசிய மலைப்பகுதியில் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் சாலையில் பழைய லேண்ட் ரோவர்களை எண்ண ஆரம்பித்தால் சீக்கிரமே கணக்குத் தப்பிவிடும். முட்டைக்கோஸ் கூடை, உரமூட்டை, குழாய்ச் சுருள் என்று தாங்கும் மட்டும் ஏற்றிக்கொண்டு புகை கக்கி ஏறுகின்றன. சுற்றுலா வந்தவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். மலைக்காரர்களுக்குப் பழசின்மேல் பாசம் என்று அவர்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு ஸ்பேனர் இருந்தால் திறந்து பார்த்துவிட முடிகிற வண்டி, அதனால் ஓடுகிறது.

நான் போன பட்டறைக்காரரை எல்லோரும் போமன் என்றே கூப்பிடுகிறார்கள். போ தேயிலைத் தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் தொழில் பழகியவர். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அந்தத் தோட்டத்தைத் தொடங்கியபோது இருந்தவை ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும்தான். மற்றதெல்லாம் ஆள் கை. இயந்திரங்கள் பெருகிய பிறகு அவற்றைப் பழுதுபார்க்கப் பழகிய தோட்டத்துப் பிள்ளைகளில் இவரும் ஒருவர்.

அன்று அங்கே நின்றது லேண்ட் ரோவர் மூன்றாம் சீரீஸ் டீசல் வண்டி, 2,286 சிசி. காய்கறித் தோட்டத்து ஓட்டுநர், "அண்ணே, காலையில எடுக்கவே மாட்டேங்குது. இன்ஜெக்டர் பக்கம் ஈரமா இருக்கு, அதான் லீக்கு" என்றார்.

"ஈரமா இருக்கறது சின்ன லீக்கு தம்பி. காஞ்சு கிடக்கறதுதான் ஆளைக் கவுக்கும்."

தொழிலின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. இருக்கைக்கு அடியிலுள்ள டாங்கியிலிருந்து இன்ஜின் பக்கத்துச் சிறு பம்பு வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்த வழியில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். இரவில் குழாயிலுள்ள டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட்டர் சுற்றிச் சுற்றி பேட்டரிதான் சாகும். பம்பைத் தாண்டினால் அழுத்தம், அங்கேதான் கசிவு கண்ணுக்குத் தெரியும்.

போமன் டாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டில் டீசலை நேரே பம்புக்குக் கொடுத்தார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. ஆக, கோளாறு டாங்கிப் பக்கம். இடையில் கண்ணாடிபோல் தெரியும் குழாய்த்துண்டு ஒன்றைச் சொருகியதும் குமிழ்கள் வரிசையாக ஓடின. கடைசியில் அகப்பட்டது, கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்த விரல் நீள ரப்பர். மலேசிய டீசலில் பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது; பழைய காலத்து ரப்பர் அதற்கு ஒத்துவராது, ஊதிப்போகும். புதிதாக, அதற்கென்றே வரும் ரப்பரை வெட்டிப் போட்டார்.

ஈரத்துக்குக் காரணம் இன்ஜெக்டர் ரிட்டர்ன் குழாயின் செம்பு வாஷர். புதுசு கையில் இல்லை. பழையதையே சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டார். எஃகைக் கடினமாக்கும் வேலை இது; செம்போ இளகி, மறுபடி நன்றாகப் படியும். நான் குனிந்து குழாய்ப் பக்கம் கை நீட்டியதும் அதட்டினார்: "இன்ஜின் ஓடறப்ப அங்க விரல் வைக்காதீங்க சார்." இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் 130 வளிமண்டலத்துக்கு மேல். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைத் தேட அட்டைத்துண்டுதான் நீட்ட வேண்டுமாம்.

பிறகு காற்றெடுப்பு. பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை அடிக்க அடிக்க முதலில் நுரை வந்தது, பிறகு தெளிந்த டீசல். அடுத்து இன்ஜெக்டர்களுக்கு டீசல் தள்ளும் ஊசிப்பம்பின் திருகு, கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகள். வரிசை மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2024 ஜூன் 10 அன்று டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியது. அதன் பிறகு சொட்டுக்கும் மதிப்பு வந்துவிட்டது என்று சிரித்தார்.

வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் பணத்தை எடுத்தார். போமன் வாங்கவில்லை.

"இப்ப இன்ஜின் சூடு, எதுவும் எடுக்கும். நாளைக்குக் காலையில குளிர்ல ஒரே சாவியில எடுத்தா வந்து குடு."