கிழிந்தால் கிழியட்டும்

ஊரில் யாராவது பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும், பிள்ளைகள் படிப்பை முடித்து வெளியூர் போகும்போதும் பரணிலிருந்து புத்தகங்கள் இறங்கும். அவற்றை எடைக்குப் போட மனம் வராது. அட்டைப்பெட்டியில் கட்டி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் அனுப்பிவிடுவார்கள். நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். பெட்டியைப் பிரித்தால் எம்செட் கைடு, வங்கித் தேர்வு வினாவிடை, காலாவதியான கம்ப்யூட்டர் பாடநூல், அட்டை போன ஆன்மிக மலர், ஓர் அகராதியின் இரண்டாம் பாகம். இவற்றில் எதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் எடுக்கும்? நமக்கு இடம் அடைத்த பொருளைக் கொடுப்பது ஒன்று, பிள்ளைக்குத் தேவையானதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது வேறு. இரண்டாவதுக்குத்தான் தானம் என்ற பெயர் பொருந்தும்.

ஆந்திரத்தில் பலமனேர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் வாரத்தில் ஒரு நாளாவது ஏதாவது ஒரு பள்ளியில் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டதை நேராகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பள்ளியில் புத்தகத்தை மேசை, பெஞ்சு கணக்கில் வைக்கக் கூடாது. சாக்பீஸ் கணக்கில் வைக்க வேண்டும். சாக்பீஸ் தேய்ந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தேயவில்லையென்றால்தான் வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

ஒரு பள்ளியில் நான் பார்த்தது இது. தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோ. சாவி அவரிடம். திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. உள்ளே பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத படக்கதைப் புத்தகங்கள், முதுகில் எண் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. ஒன்றை உருவினேன். ராமபாணப் பூச்சி முன்னட்டையில் நுழைந்து பின்னட்டை வரை துளை போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் அந்தக் கதைக்குள் போனது அந்தப் பூச்சி ஒன்றுதான்.

அந்தத் தலைமையாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் பயம் எனக்குத் தெரியும். ஸ்டாக் ரிஜிஸ்தரில் ஏறிய புத்தகம் அவர் பொறுப்பு. மாற்றலாகிப் போகும்போது அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் கைக்காசு போட வேண்டிவரும், ஆடிட்டில் பதில் எழுத வேண்டிவரும். ஒரு பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகம் மழையில் நனைந்தது என்று எழுதினால் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறார். ஆகவே பூட்டுகிறார். ‘கரும்பலகைத் திட்டம்’ என்று 1987-இல் தொடங்கிய காலத்திலேயே தொடக்கப் பள்ளிகளுக்குக் குழந்தைப் புத்தகங்கள் வந்தன. எத்தனையோ ஊர்களில் அவை இப்படித்தான் பீரோவுக்குள் முதுமை அடைந்தன.

இந்தப் பயத்துக்கு மருந்து அரசாங்கத்தின் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. ஓர் ஆண்டில் வாசிக்கக் கொடுத்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால், அதில் நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ இல்லாத பட்சத்தில், அதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ, அரிய புத்தகமோ தொலைந்தால்தான் கட்டாயம் விசாரணை. மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி இது. மாநிலப் பள்ளிக்கு அப்படியே பொருந்தாது என்று ஒருவர் வாதாடலாம். இருக்கட்டும். பெரியவர்கள் புழங்கும் நூலகத்திலேயே இழப்பு இயல்பு என்று நிதித்துறை எழுதி வைத்திருக்கும்போது, ஆறு வயதுப் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அதைவிடக் கூடுதலாகவே போகும் என்று மண்டலக் கல்வி அதிகாரி (எம்.இ.ஓ.) ஒருவர் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். பாதி பீரோக்கள் மறுநாளே திறக்கும். புத்தகம் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான். முடியாவிட்டால், புத்தகத்தோடு ஒரு கடிதம் வையுங்கள்: ‘இவை தேய்ந்து அழிவதற்காகக் கொடுக்கப்பட்டவை; திரும்பக் கணக்குக் கேட்க மாட்டோம்.’ நான் அப்படி ஒரு கடிதம் எழுதித்தான் தருகிறேன். அதை ரிஜிஸ்தரில் ஒட்டிவைத்ததும் ஆசிரியர்களின் முகமே மாறிவிடுகிறது.

நம் சீர்காழி ரங்கநாதன் சொன்னதும் இதைத்தான். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். 1931-இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை அந்த நூலில் அவர் விவரிக்கிறார். அதே 1931-இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ஆந்திரப் பக்கம் 1935-இல் பாதூரி நாகபூஷணம் படகில் நூலகம் வைத்து, கொல்லூருக்கும் பெதவட்லபூடிக்கும் இடையே கால்வாயோரக் கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோனார். அன்றைக்கு மன்னார்குடியும் கொல்லூரும் எங்கள் சித்தூரும் ஒரே சென்னை மாகாணம். வண்டி குலுங்கினால் அட்டை மடங்கும், படகில் போனால் ஈரம் ஏறும் என்று தெரியாமலா அனுப்பினார்கள்?

இனி எங்கள் ஊர் விஷயம். சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை ஏறினால் பலமனேர். மேற்கே போனால் முல்பாகல், கோலார். தெற்கே இறங்கினால் குடியாத்தம். ஒரே வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, தமிழ் பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். பாடம் தெலுங்கும் இங்கிலீஷும். பாடப்புத்தகத்தால் நாலு மொழிக்கும் ஈடுகொடுக்க முடியாது. நூலகத்தால் முடியும். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சந்தமாமாவைத் தெலுங்கிலும், அம்புலிமாமாவைத் தமிழிலும் கொண்டுவந்தார்கள். கதையும் ஒன்று, படமும் ஒன்று. எங்கள் தெருவில் எதிரெதிர்த் திண்ணையில் இரண்டையும் வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டிக் காட்டி ஒருவர் மொழியை ஒருவர் கற்றுக்கொண்டோம். எனக்குத் தெலுங்கு எழுத்து அப்படித்தான் வந்தது, பள்ளியில் அல்ல. அந்தப் பத்திரிகைகள் இப்போது வருவதில்லை. ஆனால் அதே வழி இன்றும் திறந்திருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் ஒரே படக்கதை பல இந்திய மொழிகளில் கிடைக்கும். சென்னை தூலிகா பதிப்பகம் இங்கிலீஷும் தமிழுமாக, இங்கிலீஷும் தெலுங்குமாக ஒரே பக்கத்தில் இரு மொழி அச்சிடுகிறது. பெங்களூரு பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம். அச்சிட்டுக்கொள்ளவும், நம் மொழியில் பெயர்த்துக்கொள்ளவும் அனுமதி கொடுத்தே வைத்திருக்கிறார்கள். ஒரு கதையைத் தெலுங்கு, தமிழ், உருது, கன்னடத்தில் கலர் பிரிண்ட் எடுத்து, நான்கையும் சேர்த்து மாட்டிவையுங்கள். மறுவாரம் போய்ப் பாருங்கள், யார் யாரிடம் என்ன வார்த்தை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று. குடியாத்தம் பக்கத்துப் பள்ளிகளில் தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023-இலிருந்து ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகச் சிறு புத்தகங்களைக் கொடுத்துவருகிறது. எல்லை தாண்டி வந்து சேரும் அந்த மெல்லிய புத்தகங்களை எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் ஆவலாக வாங்கிப் போகிறார்கள்.

மாட்டிவையுங்கள் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அலமாரி வாங்காதீர்கள். தாழ்வாரத் தூணுக்குத் தூண் நைலான் கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பால் புத்தகங்களை அட்டை தெரியும்படி தொங்கவிடுங்கள். கயிறு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், நம் உயரத்தில் அல்ல. முதுகு தெரிய அடுக்கிய புத்தகம் எழுத்துத் தெரியாத பிள்ளையோடு பேசாது. அட்டைப் படம் பேசும். தக்காளி பறிக்கும் காலத்தில் அம்மா தோட்டத்துக்குப் போய்விடுவதால், ஒரு சிறுமி தன் தங்கையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். ஒரு நாள் கயிற்றிலிருந்து யானைப் புத்தகத்தை உருவித் தரையில் விரித்தாள். தங்கைக்குப் படிக்கத் தெரியாது, இவளுக்கும் பாதிதான் தெரியும். தெரியாத இடத்தில் இவளே கதை கட்டிச் சொன்னாள். புத்தகத்து யானை இவர்கள் நிலக்கடலைத் தோட்டத்துக்குள் வந்தது, அப்பா தகர டப்பாவைத் தட்டினார், பாரஸ்ட் ஜீப் வந்தது. தங்கை கை வைத்த இடமெல்லாம் பிசுக்கு. ஒரு பக்கம் ஓரத்தில் கிழிந்தும்விட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, ‘அய்யவாரு, கிழிஞ்சிடுச்சு’ என்றாள் பயத்தோடு. கிழியட்டும் அம்மா, யானை எங்கே போச்சு அதைச் சொல்லு என்றேன்.

யானை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்சிப் பொருள் அல்ல. கவுண்டின்யா சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகம் கொடுத்த கும்கி யானைகள் 2025-இல் பலமனேர் அருகே முசலிமடுகு முகாமுக்கு வந்த பிறகு, கும்கியை எப்படிப் பழக்குகிறார்கள் என்று கேட்காத பிள்ளை இல்லை. அதற்கு ஒரு படப் புத்தகம் தேடினேன், என் கையில் சிக்கவில்லை. பிறகு பிள்ளைகளையே வரையச் சொன்னோம், தாத்தா பாட்டி சொன்ன யானைக் கதைகளையும் எழுதச் சொன்னோம். நடுவில் தைத்து, அட்டை போட்டு, அதையும் கயிற்றில் மாட்டினோம். விலை கொடுத்து வாங்கிய புத்தகங்களைவிட அதற்குத்தான் போட்டி அதிகம்.

மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியில் 1980-களிலிருந்து கிராமப் பிள்ளைகளுக்காக, பிள்ளை கையில் புழங்கித் தேயட்டும் என்ற இதே நம்பிக்கையில்தான் வேலை செய்தார்கள். ஒரே அறை, எல்லா வயதுப் பிள்ளைகளும் கலந்து. பாடம் அட்டை அட்டையாகப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். பிள்ளை தானே எடுக்கும், முடித்ததும் தானே திரும்ப வைக்கும். பின்னாளில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தபோது இங்கிருந்துதான் கற்றுப் போனார்கள். அட்டை தேயும் என்று யாரும் அங்கே பூட்டி வைக்கவில்லை. தேய்ந்ததற்குப் புதிது செய்துகொண்டார்கள்.

பணத்தைப் பற்றி. சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை வழியுண்டு. படப் புத்தகம் ஒன்று 60, 70 ரூபாய் என்று வைத்தால் எழுபது, எண்பது புத்தகம் வரும். சின்னப் பள்ளிக்கு அது நல்ல தொகை. ஆனால் மார்ச் முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டிய அவசரத்தில், யாரோ கட்டிக் கொடுக்கும் கட்டை அப்படியே வாங்கிவிடுவார்கள். தலைவர்கள் வரலாறும் பொது அறிவு வினாவிடையும் பொடி எழுத்தில் வந்து சேரும். படிக்கப் போகிறவரைக் கேட்காமல் வாங்கினால் இதுதான் நடக்கும். ஒரு நோட்டைக் கயிற்றின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள், என்ன புத்தகம் வேண்டும் என்று பிள்ளைகள் எழுதட்டும். ‘பாம்பு’, ‘பஸ்’, ‘பேய் ஆனா பயம் வேணாம்’ என்றெல்லாம் எழுதுவார்கள். அதைவிடச் சரியான கொள்முதல் பட்டியல் கிடையாது. மிச்சக் காசுக்கு இரண்டு கோரைப்பாய், ஓர் உலக உருண்டை, ஒரு பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி வந்துவிட்டால் பூச்சிப் புத்தகம் தானாகக் கேட்டு வரும்.

கிழிவதைப் பற்றிக் கவலை இல்லை என்றேனே தவிர, தைக்காமல் விடச் சொல்லவில்லை. சனிக்கிழமை மதியம் பைண்டிங் வேலை வைப்போம். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் கிண்டிப் பசை காய்ச்சி, பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. துத்தம் விஷம், அதை நானேதான் கலப்பேன். அந்தப் பசையையும் நானே தடவுவேன். பிள்ளைகளுக்கு ஊசியும் நூலும். முதுகில் பழைய வேட்டித் துணியை நீளமாகக் கிழித்து ஒட்டி, கல்லை ஏற்றி வைத்தால் திங்கட்கிழமை காய்ந்திருக்கும். தான் தைத்த புத்தகத்தைப் பிள்ளை இழுத்துப் புரட்டாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்து மெதுவாகத் திருப்பும். மூன்று தடவை தைத்தும் நிற்காத புத்தகத்தை அடித்தல் கணக்கில் எழுதிவிட்டு, படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு தடவை போன் செய்து, ‘சார், ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்’ என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பணத்தை அனுப்பிவிட்டு இருந்துவிடாதே. ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, விலையில் பத்து சதம் தள்ளுபடியும் உண்டு. தெலுங்குப் புத்தகத்துக்கு அதே மாதத்தில் விஜயவாடா. ஊருக்கு வந்து, பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரையும், நோட்டில் அதிகம் எழுதிய இரண்டு பிள்ளைகளையும், அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு, கூட்டிக்கொண்டு போ. கடை கடையாக உட்கார்ந்து புரட்டிப் பார்க்க விடு. அவர்கள் எடுத்துக்கொடுப்பதற்கு மட்டும் பணம் கட்டு. திரும்பி வரும் வழியில் ரேப்பரைப் பிரித்துப் படித்துக்கொண்டு வந்தால் தடுக்காதே.