சுத்தி காட்டும் இடம்

பட்டறையில் எனக்கு முதலில் கைவந்தது கரி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன் என்பதற்கு மாமா கொடுத்த மரியாதை அவ்வளவுதான்: ஒரு சாக்கு, ஒரு சல்லடை, ஒரு கட்டைச் சுத்தியல். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வரும் சீமை உடைக் கரியை இரண்டு விரல் கனத்துக்கு உடைக்க வேண்டும், தூளைச் சலித்து ஒதுக்க வேண்டும். தூள் சேர்ந்தால் காற்று போகும் வழி அடைபடும், உலை முக்கும். பெரிய கட்டியாகப் போட்டாலோ இடுக்கில் காற்று நின்று இரும்பைத் தின்னும். பட்டறையில் சேருகிற எவனும் இதைச் செய்தே ஆக வேண்டும். உலையை மதிக்கக் கற்றுக்கொள்கிற வழியும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் பட்டறை ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆதிச்சநல்லூருக்கும் நடுவில், தாமிரபரணியை ஒட்டிய ஊர் ஒன்றில் இருக்கிறது. 1986-ல் மாவட்டம் பிரிந்த பிறகு காகிதத்தில் தூத்துக்குடி. கேட்டால் இன்னும் திருநெல்வேலி என்றுதான் வாயில் வரும். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். உலையில் நிற்பது அவர், எதிரே சம்மட்டி பிடிப்பது அத்தை. இந்த ஆற்றங்கரையில் கொல்லு வேலை பார்க்கிற குடும்பங்களில் பாதி வேலை பெண்கள் கையில்தான் நடந்திருக்கிறது. துருத்தி ஊதியதும் அவர்கள், சம்மட்டி வீசியதும் அவர்கள். பேர் மட்டும் ஆசாரி பேர்.

சம்மட்டிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பலம் வேண்டிய வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் கண் வேண்டிய வேலை. மாமா இடது கைக் குறட்டில் பழுத்த இரும்பைப் பிடித்திருப்பார், வலது கையில் சின்னச் சுத்தி. அதால் இரும்பில் ஒரு தட்டு தட்டுவார். அந்த இடத்தில், அந்தக் கனத்தில் சம்மட்டி விழ வேண்டும். மெல்லத் தட்டினால் மெல்ல அடி, சாய்த்துத் தட்டினால் சாய்த்து அடி. சுத்தியை அடைகல்லின் ஓரத்தில் வெறுமனே ‘டிங்’ என்று வைத்தால் நிறுத்து என்று அர்த்தம். பேச்சே கிடையாது. அத்தைக்கு அந்த ‘டிங்’ காதில் விழுவதற்கு முன்பே சம்மட்டி பாதி வழியில் திரும்பிவிடும். நான் அவள் நின்ற இடத்தில் நின்றபோது மாமா சொன்னது ஒன்றுதான். “மருமவனே, நீ இரும்பப் பாக்காத. என் சுத்தியப் பாரு. இரும்ப நான் பாத்துக்கிடுதேன்.”

அடுத்த பாடம், இரும்பைத் தரம் பிரிப்பது. பழைய இரும்புக் கடையிலிருந்து வருவதில் லாரிப் பட்டைதான் ராஜா. நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேலே கரி கலந்த உருக்கு, வெட்டுவாய்க்கு ஏற்றது. கட்டடக் கம்பியும் ஜன்னல் கம்பியும் பச்சை இரும்பு. எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் இறுகாது. சாணைச் சக்கரத்தில் ஒரு நொடி வைத்தால் இதுவா அதுவா என்று தெரிந்துவிடும்: பச்சை இரும்பின் பொறி நீளமாக, கோடு கோடாகப் போகும், உருக்கின் பொறி நுனியில் வெடித்துப் பூக்கும். மாமாவின் அப்பா காலத்தில் லாரிப் பட்டை இவ்வளவு மலிவில்லை. அருவாளின் உடம்பைப் பச்சை இரும்பில் அடித்து, வாய்ப்பக்கத்தைப் பிளந்து, நடுவில் உருக்குத் துண்டை நுழைத்து, வெண்காரம் தூவி ஒட்டுப் போடுவார்களாம். உருக்கு அவ்வளவு அருமையாக இருந்த காலம்.

கூலிக் கணக்கும் வேறாக இருந்த காலம் அது. கொல்லனுக்குக் காசு கிடையாது, ஏர்க் கணக்கு. கார், பிசானம் என்ற இரண்டு போகத்திலும் களத்து மேட்டில் நெல் அளக்கும்போது ஊர்த் தொழிலாளிகளுக்கு உரியதை ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சம் வீட்டுக்குப் போகும். அதற்குப் பதிலாக வருசம் முழுக்கக் கொழு தீட்டுவது, மம்பட்டிக்கு வாய் போடுவது, பன்னருவாவுக்குப் பல் வெட்டுவது எல்லாம் கொல்லன் பொறுப்பு. கொஞ்சம் மானிய நிலமும் உண்டு. இது ஆயிரம் வருசப் பழக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரியில்லாமல் விட்ட நிலங்களை அடுக்கும்போது கம்மாளர் குடியிருப்பான கம்மாணசேரியும் வருகிறது. 1963-ல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு எங்கள் மானியம் பட்டா நிலமானது. பட்டா ஆனதும் விற்கலாம் என்றானது, விற்றாயிற்று. அந்த இடத்தில் இன்று வாழை நிற்கிறது. வாழைத்தார் வெட்டுகிற அருவாளுக்கு அந்தத் தோட்டக்காரரே எங்களிடம் வந்து ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். கதிர் அறுக்கும் இயந்திரம் வயலில் இறங்கிய பிறகு பன்னருவா கேட்டு வருபவர்கள் அருகிவிட்டார்கள். வாழையும் தென்னையும் மிச்சமிருக்கும் பனையேறிகளும்தான் உலையை எரிய வைக்கிறார்கள்.

இனி துவைச்சல். தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பட்டறைகள் ஏன் இருட்டாக, தாழ்ந்த கூரையோடு இருக்கின்றன என்பது எனக்கு இதைக் கற்றபோதுதான் விளங்கியது. வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் பொய் சொல்லும். அடித்து வடித்த அருவாளை உலையில் சீராகக் காய்ச்சி, சரியான சிவப்பு வந்ததும் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் இறக்கி எடுக்க வேண்டும். இப்போது வாய் கண்ணாடி மாதிரி: கடினம், ஆனால் தட்டினால் தெறித்துவிடும். உடனே செங்கல் துண்டால் கருப்பை உரசி வெள்ளை தெரிய வைப்பார் மாமா. முதுகில் இன்னும் சூடு இருக்கிறதல்லவா, அது மெல்ல வாயை நோக்கி இறங்கும். இறங்க இறங்க அந்த வெள்ளையில் நிறம் ஓடும். முதலில் வெளிறிய பொன், பிறகு தவிடு, பிறகு கத்தரிப்பூ, கடைசியில் நீலம். பாளை சீவும் அருவாள் என்றால் பொன்னிலேயே முழுசாக முக்கிவிட வேண்டும். மெல்லிய பாளையைத் தாள் தாளாகச் சீவுகிற வாய் அது, கடினமான எதிலும் மோதப் போவதில்லை. விறகு வெட்டும் அருவாள் கத்தரிப்பூ வரைக்கும் காத்திருக்க வேண்டும். நீலம் விழுந்துவிட்டால் வாய் மடங்கும், திரும்பவும் உலைக்குப் போக வேண்டியதுதான். நிறம் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கண் இமைக்கிற நேரம்தான் இருக்கிறது.

எங்கள் பாடப் புத்தகத்தில் இந்த நிறங்களுக்கு நேரே எண்கள் உண்டு. பொன் 220 டிகிரி பக்கம், கத்தரிப்பூ 280 பக்கம். முதல் சிவப்புக்கும் ஒரு சோதனை உண்டு: 770 டிகிரிக்கு மேலே இரும்பைக் காந்தம் இழுக்காது. பழைய ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தைக் கம்பியில் கட்டிக் கொண்டுவந்தேன். மாமா “இப்ப” என்று சொன்ன சமயங்களில் காந்தம் ஒட்டவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. “இது சூட்டுல கெடந்து கெடந்து செத்துப் போவும்ல. எங் கண்ணு சாவற வரைக்கும் இருக்கும்.” காந்தம் சூட்டில் பலம் இழக்கும் என்பது நான் படித்தது. அவர் எங்கே கண்டார் என்று கேட்கவில்லை.

பரம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்து இரும்பைப் பேச முடியாது. பரம்பு என்றால் ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கர் ஈமத்தாழிக்காடு, சாலையில் போனாலே கண்ணில் படும். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் ரீ தோண்டினார். பொன் பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்களோடு ஏராளமான இரும்புக் கருவிகள் கிடைத்தன. 1915-ல் மதராஸ் அரசு அச்சகத்தில் அவருடைய பொருட்பட்டியல் வெளிவந்தது. அதன் படங்களை நான் பிரதியெடுத்து மாமாவிடம் காட்டினேன். வாளும் ஈட்டியும் முனை கீழே இருக்கும்படி, அடக்கம் செய்ய வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனது போலக் கிடந்தன என்று ரீ எழுதியதையும் சொன்னேன்.

அவர் வாளைப் பார்க்கவில்லை. தட்டையான கருவிகளிலேயே கண் நின்றது. தென்னிந்தியப் பெருங்கற்காலக் கோடாரிகள் பலவற்றில் காம்பு நுழைக்க ஓட்டை இருக்காது, கட்டையோடு வைத்து இரும்புப் பட்டையால் குறுக்காக வரிந்திருப்பார்கள் என்றேன். “ஓட்ட போடத் தெரியாமலா? ஓட்ட போட்டா அந்த எடத்துல எளைச்சுப் போவும். இவன் இரும்ப மிச்சம் பிடிச்சிருக்கான்.” பிறகு ஒரு கேள்வி: “முதுகு எவ்வளவு கனம்?” தாளில் இருக்கும் படத்துக்கு முதுகு ஏது? அவருக்கு அது போதவில்லை. வாயும் நீளமும் தெரிந்து என்ன பயன், முதுகிலிருந்து வாய்க்கு எப்படி வடித்தான் என்று தெரிந்தால்தான் அவன் கையைச் சொல்ல முடியும் என்பது அவர் கட்சி. துரு வேறு வாயை வீங்க வைத்து அடித்த தழும்பை எல்லாம் தின்றிருக்கும். அதனால்தான் இப்போது துண்டு வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

2025 ஜனவரி 23-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை ‘இரும்பின் தொன்மை’ என்ற நூலை வெளியிட்டது. ஆற்றுக்கு வடக்கே இருக்கும் சிவகளையில் இரும்போடு கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்றது அந்த அறிக்கை. இவ்வளவு பின்னுக்குப் போகும் எண்ணை இன்னும் பல இடங்களில், பல மாதிரிகளில் உரசிப் பார்க்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரி. பெருமைப்பட அவசரம் ஒன்றுமில்லை. பட்டறையில் பேச்சானது வேறொரு வரி. சேலம் மாவட்டத் தெலுங்கனூரில் கிடைத்த வாளில் கரி நூற்றுக்கு 1.3 முதல் 1.5 பங்கு. லாரிப் பட்டையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். “அத நல்லாப் பழுக்க விட்டா பொரிஞ்சு உதுந்துரும்ல. மங்கின செவப்புலயே, பொறுமையா அடிச்சிருக்கான்” என்றார் மாமா. காலத்தைக் கேட்டு அவர் அசரவில்லை. அந்தப் பொறுமையைக் கேட்டுத்தான் அசந்தார்.

மண்ணிலிருந்து இரும்பை உருக்கி எடுக்கும் வேலை எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து உலையில் இரும்பு திரவமாகாது. அதற்கு 1538 டிகிரி வேண்டும். கசடு உருகி வடிய, இரும்பு பஞ்சு போன்ற கட்டியாக நிற்கும். அதை அடித்து அடித்து மிச்சக் கசடைப் பிழிந்தெடுக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஹீத் என்பவர் சேலத்துக் கனிமத்தை வைத்துப் பெரிய ஆலை போட்டுப் பார்த்தார். கரிக்கு மரம் காலியானது, கம்பெனியும் நிலைக்கவில்லை. சீமை இரும்பு மலிவாக இறங்கியதும் நாட்டு உலைகள் அணைந்தன, அதோடு அந்தக் கைப்பழக்கமும் எழுத்தில் ஏறாமலே போயிற்று.

அச்சுக்கு இங்கே பஞ்சமே இல்லை என்பதுதான் வேடிக்கை. இதே ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் 1586-லேயே அண்ட்ரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ தமிழில் அச்சேறிவிட்டது. நம் உருக்கைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் 1795-ல் கட்டுரை வந்தது. அதற்குப் பிறகு அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஃபாரடே. அவர் அப்பா கொல்லர், அவரோ புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். உலைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நின்ற அப்படி ஓர் ஆள் தாமிரபரணிக் கரையில் பிறக்கவில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. இங்கே தோண்டியதை அச்சில் கொண்டுவரவே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஆதிச்சநல்லூரில் 2004-05-ல் மத்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுக்குப் பத்தாண்டு கடந்தும் அறிக்கை வரவில்லை. மதுரைக் கிளையில் வழக்கு நடந்தபோதுதான், 2019-ல், இரண்டு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று வெளியே தெரிந்தது.

எங்கள் பட்டறையிலும் ஒரு புத்தகம் உண்டு. கோடு போட்ட நீளநோட்டு: தேதி, வாங்கியவர் பேர், ஊர், போன் நம்பர், என்ன அருவாள், எதற்கு. 2021-ல் காவல்துறை உத்தரவு போட்டதிலிருந்து அதை எழுதுவது என் வேலை. ‘எதற்கு’ என்ற கட்டத்தில் வாழை, வாழை, தேங்காய், வாழை என்று பக்கம் பக்கமாகப் போகும். தலைமுறை தலைமுறையாக இரும்படித்த குடும்பத்தில் எழுதி வைக்கப்பட்ட முதல் ஆவணம் போலீசுக்காக எழுதியது. அதன் கடைசிப் பக்கங்களில் நான் என் குறிப்புகளையும் எழுத ஆரம்பித்தேன். கரியின் கனம், பட்டையின் பொறி, நிறங்கள்.

மாமா ஒரு நாள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “கத்தரிப்பூன்னு மொட்டையா எழுதாத. எந்த நேரத்து வெளிச்சம், கதவு தொறந்து கெடந்துச்சா சாத்திக் கெடந்துச்சா, அதையும் எழுது. இல்லன்னா படிக்கிறவன் நட்டுக்க நடுப்பகல்ல வாசல்ல நின்னு அருவாளக் கெடுப்பான்.” அப்புறம், போலீஸ் நோட்டில் இதெல்லாம் வேண்டாம், தனி நோட்டுப் போடு, அட்டையில் என் பேர் எழுது என்றார்.

அத்தை உலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். “பாதி அடி என் அடி. எம் பேரு எங்கல?”

மாமா பேசவில்லை. அவளே தொடர்ந்தாள். “கரியப் பத்தி எழுதினியே, ஓரத்துக்கு ஈரக் கரி போட்டு நெருப்பக் கட்டுறத எழுதுனியா? துருத்தி ஊதினவள்ட்ட கேக்காம எவம்ல கரியப் பத்தி எழுதுவான்?”

இப்போது சாயங்காலங்களில் அவள் சொல்ல நான் எழுதுகிறேன். கரிக்கே பாதி நோட்டு போகும் போலிருக்கிறது.