பறை மீது ஓர் ஆசை

வயது ஏற ஏற ஆசைகள் குறையும் என்பர். ஐம்பதைக் கடந்த நமக்கோ, இளமையில் எழாத ஓர் ஆசை இப்பொழுது எழுந்திருக்கிறது. பறை ஒன்று வேண்டும். அதனை முறையாக அடிக்கக் கற்க வேண்டும். பொத்தேரியில் நம் ஆலயத் திருவிழாவன்று அதன் முழக்கம் எழ வேண்டும். இவ்வாசையை நம்முள் விதைத்தவர் மதுரையை அடுத்த அலங்காநல்லூரின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்கள். 2025-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபொழுது, நம் பங்கின் இளைஞர் அவர் வாசிப்பைக் கைப்பேசியில் நமக்குக் காட்டினர். குருமடத்தில் ஆர்மோனியத்தோடு வளர்ந்த நம் செவிக்கு அது புதிதாயிருந்தது. கையும் காலும் ஒரே தாளமாகி, ஆடிக்கொண்டே அடிக்கும் அக்கலையை மீண்டும் மீண்டும் பார்த்தோம்.

பறையின் அமைப்பு எளியது. வளைவாகச் செதுக்கிய மரத்துண்டுகள் மூன்றை இரும்புத் தகடுகளால் இணைத்து வட்டச் சட்டமாக்கி, அதன்மேல் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுவர். இடத்தோளில் தொங்கும் அக்கருவியை, இடக்கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சியாலும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியாலும் முழக்குவர். அடிக்குமுன் தீயில் காட்டிச் சூடேற்றுவர். ஈரத்தால் தளர்ந்த தோல் உலர்ந்து இறுகினாலன்றிக் கணீரென்ற ஓசை பிறவாது.

நம் ஆசையைப் பங்குப்பேரவையில் சொன்னோம். இருவகை மறுப்புகள் எழுந்தன. “பறை சாவு வீட்டுக்கு உரியது, ஆலயத்துக்கு ஆகாது” என்றனர் சிலர். இதற்கு விடை கூறுதல் அரிதன்று. நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் சேர்த்து எண்ணுகிறது தொல்காப்பியம். ‘பறைதல்’ என்றாலே சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அப்பொருளில் அச்சொல் வழங்குகிறது. செங்கடலைக் கடந்து அடிமைத்தனத்தினின்று மீண்ட மக்களுள், மிரியாமும் மகளிரும் தோற்கருவி முழக்கி ஆடியதை விடுதலைப் பயண நூல் 15-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

மற்றொரு மறுப்பு, இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. கூட்டத்தில் அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் தனியே வந்து சொன்னார்: “சாமி, அந்தச் சத்தம் கேட்டா எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வருது. ராத்திரி எந்நேரமானாலும் ஆள் அனுப்புவாங்க. போகலேன்னா ஊரில் இருக்க முடியாது. அந்தக் குச்சி என் கைக்கு வரக்கூடாதுன்னுதான் என்னைப் படிக்க வச்சாரு.”

இதற்கு நம்மிடம் விடையில்லை. தொல்காப்பியத்தைக் காட்டி அவர் காயத்தை ஆற்ற முடியுமோ? 1963-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மக்களின் இசை மரபை மதிக்கச் சொல்கிறது. பிற இசைக்கருவிகளை ஏற்பதற்கு அது விதிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று, அவை இறைமக்களின் ஞானவளர்ச்சிக்கு உண்மையாகவே உதவ வேண்டும் என்பது. அப்பெரியவரும் இறைமக்களுள் ஒருவரே. சாதிக்கொரு வரிசையும் சாதிக்கொரு கல்லறையும் வைத்திருந்த ஆலயங்கள் தமிழ்த் திருச்சபையில் இருந்தன என்பதை மறந்துவிட்டு, பறையின் பெருமையை மட்டும் பேசுவது முறையாகாது.

திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா அவர்கள் உருவாக்கிய சக்திக் கலைக்குழு இதற்கு வழி காட்டுகிறது. ஆண்களே அடித்துவந்த பறையைத் தலித் இளம்பெண்களின் கையில் கொடுத்து, இழிவென்று சுமத்தப்பட்டதையே அவர்கள் தலைநிமிர்ந்து முழக்கும்படி செய்தது அக்குழு. அங்கே பறை கட்டளைக்கு அடிக்கப்படுவதில்லை. அதை எடுப்பவர் தாமே விரும்பி எடுக்கிறார். ஓசை ஒன்றே எனினும், அடிப்பவரின் உரிமை மாறும்போது அதன் பொருளும் மாறிவிடுகிறது.

ஆகவே பறையை இன்னும் வாங்கவில்லை. வாங்குவதானால் சில முறைமைகள் வேண்டும் என்று பேரவை ஏற்றுள்ளது. இன்ன குடும்பத்துப் பிள்ளைதான் கற்க வேண்டும் என்பதில்லை. எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் கற்கலாம். கற்பிக்க வரும் ஆசானுக்கு உரிய ஊதியமும், திருவிழா விருந்தில் நம்மோடு சமமான இருக்கையும் உண்டு. எவரையும் எவரும் அடிக்க அழைத்து ஏவலாகாது.

இவற்றை அப்பெரியவரிடம் படித்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின், தம் பேத்திக்கும் அவ்வாசை உண்டென்று சொன்னார். “அவளா விரும்பி எடுத்தா எடுக்கட்டும், சாமி. வா, அடின்னு யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது” என்றார்.

அவருடைய முழு இசைவுக்காகக் காத்திருக்கிறோம். அன்புக் குடும்பத்தாரே, உங்கள் இல்லத்து முதியோரிடமும் இதுபற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளும் உடனிருந்து கேட்கட்டும். கருவியைக் கற்குமுன் அதனைச் சுமந்தோரின் கதையை அவர்கள் கற்பது நன்று.