75 மில்லிமீட்டர்

தில்லியில் ஒரு பல்கலைக்கழகத் துறையின் அலுவலக மூலையில் பழைய லேசர் பிரிண்டர் ஒன்று இருந்தது. தாளை எடுக்க மறுக்கும். எடுத்தால் மூன்றைச் சேர்த்து இழுத்துச் சிக்கிக்கொள்ளும். அச்சான பக்கத்தில் ஒரே கரும்புள்ளி திரும்பத் திரும்ப விழும். பழுது பார்க்க வந்தவர் ஃபியூசர் முதல் அனைத்தையும் மாற்றவேண்டும் என்று எழுதித் தந்த மதிப்பீடு புதிய பிரிண்டரின் விலையை நெருங்கியது. கழிக்கப்படவேண்டிய பொருள்களின் பட்டியலில் அதுவும் ஏறியது.

அலுவலகத்துக்கு இதனால் பெரிய இழப்பில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்துபோன ஓர் ஆய்வு மாணவிக்கு இருந்தது. அவருடைய நெறியாளர் திரையில் படிக்கமாட்டார். ஒவ்வோர் இயலையும் தாளில் கேட்பார். திருத்தித் தந்து மீண்டும் தாளில் கேட்பார். வெளிக்கடையில் அச்சிடும் செலவு மாத இறுதியில் மெஸ் கட்டணத்தோடு மோதும். ஆய்வின் செலவுக் கணக்கில் இந்த வரியை எவரும் எழுதுவதில்லை.

மாணவர்கள் பாபுஜி என்றழைக்கும் அலுவலக உதவியாளர்தான் வழி காட்டினார். “பேட்டா, மூடியைத் திறக்காதே. முதலில் ஓர் அடிக்கோல் கொண்டு வா” என்றார்.

புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே சரியாக 75 மில்லிமீட்டர். லேசர் பிரிண்டருக்குள் தாளைத் தொடும் உருளைகள் பல. ஒவ்வொன்றின் சுற்றளவும் வேறு. உருளையின் மேல் ஒரு கீறல் விழுந்தால், அது ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் தாளில் அதன் தடம் பதியும். ஆகவே தடங்களின் இடைவெளியே குற்றவாளியின் சுற்றளவு. அந்தப் பிரிண்டரின் டிரம் 24 மில்லிமீட்டர் விட்டமுடையது. சுற்றளவு 75-ஐச் சற்றே தாண்டும். டிரம் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது; கார்ட்ரிட்ஜை மாற்றியதும் புள்ளி மறைந்தது. அச்செழுத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார்கள். டோனர் உதிரவில்லை. வெப்பத்தால் அதை உருக்கித் தாளில் பதிப்பது ஃபியூசரின் வேலை. அதை அது ஒழுங்காகவே செய்துகொண்டிருந்தது. மதிப்பீட்டின் மிகப்பெரிய தொகை அங்கேயே விழுந்தது.

எஞ்சியது தாள் சிக்கல். தாளை இழுக்கும் ரப்பர் ரோலர் கண்ணாடிபோல் வழுவழுத்துக் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்ததில் இரண்டு நாள் ஓடியது. பிறகு பழைய கதை. ரோலர் தாளை இழுக்கையில் அடுத்த தாளைப் பிடித்து நிறுத்தும் சிறு பட்டையிலும் பள்ளம் விழுந்திருந்தது. பலர் ரோலரை மட்டும் மாற்றிவிட்டு, மூன்று தாள் சேர்ந்து வருகிறதே என்று வியப்பார்கள். தேய்ந்தவை இரண்டு என்பதை மறந்துவிடுவார்கள். நேரு பிளேஸில் இரண்டும் கிடைத்தன. ஓர் ஆய்வு நூலின் விலைகூட ஆகவில்லை. விரலின் எண்ணெய்ப்பசை படாமல் ரோலரை ஓரத்தில் பிடித்துப் பொருத்தினார் பாபுஜி.

உள்ளே ஏதோ ஒரு பற்சக்கரம் எழுப்பிய ‘டக், டக்’ ஒலியை மட்டும் போக்க இயலவில்லை. “ஓடும்வரை ஓடட்டும்” என்று அதை விட்டுவிட்டார்கள். ஆய்வேட்டின் இறுதி வரைவு அந்த ஒலியோடுதான் ஒரு பிற்பகல் முழுவதும் பக்கம் பக்கமாக வெளிவந்தது. ஒரு தாளும் சிக்கவில்லை.

பட்டியலிலிருந்து பெயரை நீக்கத் தனிப் படிவம் வேண்டுமாம். அதை நிரப்ப ஆளில்லாமல், பிரிண்டர் இன்னும் பட்டியலிலேயே இருக்கிறது. படிவங்களை அச்சிடுவதும் அதுவேதான்.