எடை போட்டால்தான் கணக்கு

தோட்டத்து மக்களுக்குத் தராசின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "இன்று நிறையக் கொழுந்து" என்று வாயால் சொன்னால் கணக்கில் ஏறாது. இத்தனை கிலோ என்று நிறுவையில் தெரிந்தால்தான் ஏறும். இணையத்துக்கும் இதே நியாயம்தான் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

கைப்பேசியில் அனுப்பும் செய்தியை உரிய இடத்துக்குத் திருப்பிவிடுபவை ரவுட்டர் என்னும் கருவிகள். எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல் அவற்றிடம் இருக்கும். நம் அஞ்சல் குறியீட்டை நினைத்துப் பாருங்கள். தானா ராத்தா 39000, ரிங்லெட் 39200. முதலில் 39 என்று கண்டாலே கடிதத்தைக் கேமரன் மலைக்கு அனுப்பிவிடலாம். வீடு வீடாகப் பார்க்க வேண்டாம். இணைய முகவரிகளும் இப்படித்தான் கட்டுக் கட்டாகச் சேர்க்கப்படுகின்றன. ஆனால் பல நிறுவனங்கள் தமக்கெனத் தனி வழி கேட்பதால் பட்டியல் வீங்குகிறது.

1994-ல் ஏறத்தாழ 20,000 வழிகளே இருந்தன. 2014 ஆகஸ்டு 12-ஆம் நாள் 512,000-ஐத் தாண்டியது. அவ்வளவுக்கே இடம் ஒதுக்கியிருந்த பழைய கருவிகள் திணறின. பல இடங்களில் இணையம் தடுமாறியது. அந்த எல்லை முன்பே தெரிந்ததுதான்!

2006 அக்டோபரில் வல்லுநர்கள் ஆம்ஸ்டர்டாமில் கூடி இந்த வீக்கத்தை ஆராய்ந்தார்கள். 2011 மே மாதம் ஓர் ஆராய்ச்சிக் குழு, புதிய அமைப்புக்கான இலக்குகளை வரிசைப்படுத்தி வெளியிட்டது. பாதுகாப்பும், நடைமுறைக்குக் கொண்டுவரும் வசதியும் கட்டாயம் என்றது. எது முதலில் என்று வகுத்தது நல்ல வேலை. ஆனால் "வளர்ச்சியைத் தாங்க வேண்டும்" என்பது ஆசை மட்டுமே. எத்தனை வழிகள், எவ்வளவு விரைவு, எந்த ஆண்டு வரை என்று சொன்னால்தான் அது இலக்காகும்.

இது வல்லுநர்களுக்கு மட்டுமா? நம் நாட்டில் 2020-ல் ஜெண்டெலா திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022 முடிவுக்குள், மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி, வேகம் நொடிக்கு 35 மெகாபிட் என்று அது எண்ணிலேயே சொன்னது. எண் இருந்ததால்தான், "மீதி 3.1 விழுக்காட்டில் எங்கள் லயமும் அடக்கமா?" என்று நம்மால் கேட்க முடியும்.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளின் படிப்புக்கு நல்ல இணைய வசதி வரும் என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு? எப்போது? எங்கே நின்று அளப்பீர்கள்?