பாதைக்கும் ஓர் உரிமை உண்டு

 

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. குத்பா தொடங்கிவிடுமே என்ற அவசரத்தில், மேலப்பாளையத்தில் எங்கள் தெரு அம்பாசமுத்திரம் சாலையைச் சந்திக்கும் முனையிலேயே இருசக்கர வாகனத்தை நிறுத்திவிட்டுப் பள்ளிவாசலுக்கு விரைந்தேன். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, மத்ரஸா மாணவன் ஒருவன் சாலையைக் கடக்க முற்பட்டான். வரிசையாக நின்ற வாகனங்கள் அவனையும் எதிரே வந்த பேருந்தையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்தன. பெரியவர் ஒருவர் அவன் சட்டையைப் பற்றி இழுத்தார். அல்ஹம்துலில்லாஹ், காயம் ஏதுமில்லை. ஆனால் அவ்வரிசையில் முதலாவதாக நின்றது என் வாகனம்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்னும் நபிமொழியை அந்த வாரம்தான் வகுப்பில் விளக்கியிருந்தேன். முள்ளையும் கல்லையும் உதாரணம் காட்டிய எனக்கு, நானே இடையூறாவேன் என்று தோன்றவில்லை. பாதைக்குரிய உரிமைகளை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பதையும் அவற்றுள் ஒன்றாகக் கூறினார்கள்.

1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. ஆயினும் சாலைமுனையில் பொறுப்பு இன்றும் பிரிந்தே கிடக்கிறது. தெரு மாநகராட்சியைச் சேர்ந்தது. பெருஞ்சாலை நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. போக்குவரத்தை ஒழுங்குசெய்வது காவல்துறை. அவ்வழியே செல்வோரோ முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி எனப் பல ஊரார். ஒருவர் மட்டும் முயன்றால் முனை சீராகாது. நன்மையான காரியங்களில் ஒருவருக்கொருவர் உதவுமாறு அல்லாஹ் கட்டளையிடுவது இத்தகைய இடங்களுக்கும் பொருந்தும்.

ஆகவே மஹல்லா ஜமாஅத்துகளும், கடைக்காரர்களும், பக்கத்து ஊர்ப் பெரியவர்களும், சமய வேறுபாடின்றி ஒரே மனுவில் கையெழுத்திடுவோம். வேகத்தடை, விளக்கு, கடப்புக்கோடு ஆகியவற்றை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் சேர்ந்தே கேட்போம். 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளால் தாமிரபரணியின் மீது அமைத்த பாலத்தில் இன்றும் எல்லாச் சமயத்தாரும் நடக்கிறோம். அவர் தந்தது பெருஞ்செல்வம். நம்மிடம் கேட்கப்படுவதோ ஒரு கையெழுத்தும், சற்றுத் தள்ளி வாகனத்தை நிறுத்தும் பொறுமையும்தான்.

இப்போது நான் வாகனத்தைத் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்தே பள்ளிவாசலுக்குச் செல்கிறேன். பள்ளியை நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டல்லவா?

நம் பிள்ளைகளின் பாதைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.