பாட்டியின் சிபாரிசு

கூரத்தில் ஒரு பாட்டி. தறியை விட்டாலும் நாவலை விடாதவர். தெருப் பெண்களுக்கு எதைப் படிக்கலாம் என்று சொல்வதே அவர்தான். காதல் கதை கேட்டால் ரமணிசந்திரன், விறுவிறுப்பு வேண்டுமென்றால் ராஜேஷ்குமார் ("கடைசிப் பக்கத்தை முதல்ல புரட்டுனா புத்தகம் கிடையாது!"). பிளஸ் டூ பேத்திக்குக் கொடுத்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. "அதுல ஜீனோன்னு ஒரு இயந்திர நாய், உன்னைவிட நல்லாப் படிக்கும்."

இப்போது கண்புரை. எழுத்து தெரியவில்லை. இதே ஊர்க் கூரத்தாழ்வான், ஏடு கைவிட்டுப் போன பிறகும் போதாயன விருத்தியை மனதிலிருந்தே ராமானுஜருக்குச் சொன்னார் என்பார்கள். பாட்டிக்கோ கதாநாயகி பெயரே குழம்புகிறது.

ஆபரேஷன்வரை பேத்திதான் செல்போனில் புது நாவல்களை வாசித்துக் காட்டுகிறாள். நேற்று மூன்றாம் அத்தியாயத்திலேயே பாட்டி நிறுத்தினார்.

"டிரைவர்தான் கொலைகாரன். வேற எடு."

பேத்தி கடைசிப் பக்கத்தைத் தள்ளிப் பார்த்தாள். டிரைவர்தான்.